முன்னுக்கு முப்பத்திரண்டு, பின்னுக்கு முப்பத்தைந்து

தம்பி குடும்பத்தோடு கனடாவுக்குப் போனபோது தன் காரை என்னிடம் விட்டுப் போனான். கொழும்பில் அவன் பல வருடம் ஓட்டிய ஜேர்மன் கார். கொக்கட்டிச்சோலையில் எங்கள் வளவுக்குள் அதைக் கொண்டுவந்து நிறுத்தி, பின்கதவைத் திறந்து காட்டினான்.

"அக்கா, இதில ஸ்பெயார் வீல் இல்ல. தேடாதீங்க. இது ரன்-ஃபிளாட் டயர். காத்து முழுக்கப் போனாலும் ஓடும். நீங்க தனிய வயல் ரோட்டில நிக்கத் தேவையில்ல. அதுக்காகத்தான் போன மாசம் நாலையும் புதுசாப் போட்டனான்."

நான் அறிவியல் ஆசிரியை. பட்டினத்தில் கூட்டம், வினாத்தாள் திருத்தல் என்று அடிக்கடி மண்முனைப் பாலத்தைக் கடந்து போய்வருவேன். இரண்டு பக்கமும் வயலாகக் கிடக்கும் அந்த வீதியில் அக்கா தனியாக நிற்கக்கூடாது என்று விமானம் ஏறுமுன் யோசித்திருக்கிறான். அந்த யோசனைக்கு நான் நன்றியாகவே இருந்தேன். ஏழெட்டு மாதம் அந்த டயர்களைப் பற்றி எனக்கு வேறு எந்த நினைப்பும் வரவில்லை.

சித்திரையில், சிறுபோக விதைப்புக் காலத்தில் என் கணவர் ட்ரெக்டர் பெட்டியிலிருந்து விழுந்தார். விதைநெல் மூட்டையை இறக்கும்போது கால் வழுக்கியது. விழுந்த உயரம் பெரிதில்லை. ஆனால் முள்ளந்தண்டில் தட்டு ஒன்று விலகி நரம்பை அழுத்திவிட்டது. சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு கிழமைக்கு இரண்டு தரம் பட்டினத்துக்குப் போய் பிசியோதெரபி செய்யவேண்டும் என்றார்கள். அவர் நடந்தார், ஆனால் என் தோளைப் பிடித்துத்தான் நடந்தார். வயல் வட்டைக்குள் வரப்பு வரப்பாக ஓடித் திரிந்த மனிதர், முற்றத்துப் படியில் இறங்க என்னைக் கூப்பிட்டு நின்றார்.

பயிற்சி அவருக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. பயணம்தான் பிரச்சினை. எங்கள் வீட்டிலிருந்து பாலம் வரைக்கும் மதகுகள் பல. ஒவ்வொரு மதகிலும் தார் சற்று உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கும். வேறு வாகனத்தில் போகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. எங்கள் கார் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு போனது. நான் எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் கீழேயிருந்து ஒரு குத்து வரும். அவர் கதவுக்கு மேலுள்ள பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். சத்தம் போடமாட்டார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பட்டினத்துக்குப் போய்ச் சேரும்போது உடம்பு மரக்கட்டையாக இறுகியிருக்கும். பயிற்சி கொடுக்கும் பெண் பிள்ளை, பாதி நேரத்தை அந்த இறுக்கத்தைத் தளர்த்தவே செலவழிப்பாள். மறுபடி அதே வழியால் வீட்டுக்கு வருவோம்.

ஒருநாள் திரும்பி வரும்போது, பாலத்தில் ஏறியதும் அவர் சொன்னார்: "புள்ள, நான் இனி வரல்ல. வீட்டில கிடந்தே சுகப்படுறன்."

அடுத்த தடவை எப்படியோ கெஞ்சி ஏற்றிக்கொண்டு போனேன். அதற்கடுத்த தடவையும் அப்படித்தான்.

அப்படிக் கெஞ்சி ஏற்றிக்கொண்டு போன ஒரு காலையில், ஆரையம்பதி தாண்டியதும் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. டயரில் காற்றுக் குறைகிறது என்ற எச்சரிக்கை. இறங்கிப் பார்த்தேன். பின்பக்க இடது டயர் சற்றுத் தாழ்ந்திருந்தது, அவ்வளவுதான். தம்பி சொன்னபடி மெதுவாக ஓட்டினேன். கார் ஒரு குறையும் சொல்லாமல் கல்லடி வரைக்கும் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டயர்க் கடை இருந்தது. அதற்குள் விட்டேன்.

கடைக்காரர் பட்டினத்துப் பறங்கியர், போர்த்துக்கேய வழி வந்தவர். அறுபது வயதிருக்கும். வெள்ளை மீசை, காதில் ஒரு பென்சில். டயரைக் கழற்றி உள்ளே கைவிட்டுத் தடவினார். கை முழுக்கக் கறுப்பு ரப்பர்த் தூளாக வந்தது.

"டீச்சர், இது ஓடி முடிஞ்சிது. ஆணி ஓரத்தில ஏறியிருக்கு, காத்தில்லாம ஓடினதில உள்ளுக்கு அரைஞ்சும் போச்சு. இதை ஒட்ட ஏலா. இதே சாதி வேணுமெண்டா கொழும்பில சொல்லி எடுக்கவேணும்."

அந்த நேரம் என் கணவர் காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் தான் இருந்த கதிரையை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணனுக்கு நாரியா?" என்று அவருடைய இடுப்பைப் பார்த்துக் கேட்டார்.

"ஓம். ஒப்பரேசன் செய்தது," என்றேன்.

"எனக்கும் நாரிதான். டயர்க்காரனுக்கு நாரி நோகாட்டி மறுகா ஆருக்கு நோகும்?" என்று சிரித்துவிட்டு, கழற்றிய டயரின் பக்கவாட்டில் தன் பெருவிரலை வைத்து அழுத்திக் காட்டினார். அது அசையவில்லை. "பாத்தீங்களா? காத்தில்லாட்டியும் காரைத் தாங்கி நிக்கிற சுவர் இது. காத்து இருக்கக்குள்ள மட்டும் வளைஞ்சு குடுக்குமா? ரோட்டில உள்ளதெல்லாம் அப்படியே ஆசனத்துக்குத்தான் வரும்."

எனக்கு உடனே விளங்கியது. வகுப்பில் எத்தனையோ தரம் விசையைப் பற்றிப் படிப்பித்திருக்கிறேன். எங்கள் காருக்குள் வந்துகொண்டிருந்த குத்து எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. பழைய கார், ஸ்பிரிங் போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"சாதா டயர் போட்டா குத்து குறையுமா?" என்று என் கணவர் கேட்டார். பல மாதத்துக்குப் பிறகு அவர் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"குறையும். எவ்வளவெண்டு எனக்குச் சொல்லத் தெரியா அண்ணன். இந்தச் சாதிக் கார் என்ட கடைக்கு ரெண்டு மூண்டுதான் வந்திருக்கு. போட்டுத்தான் பாக்கவேணும். போட்டா நாலையும் ஒண்டாப் போடவேணும். கலந்து போட்டா காருக்குப் புத்தி கலங்கிப் போகும்."

நான் தயங்கினேன். சாதா டயர் நடுவழியில் காற்றுப் போனால்? இவரை வைத்துக்கொண்டு வயலுக்கு நடுவில் நான் என்ன செய்வேன்? அதோடு தம்பி எனக்கென்று போட்டுக் கொடுத்த டயர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

காரை அங்கேயே விட்டோம். ஓட்டோவில் அவரை ஏற்றினால் என்ன ஆகும் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டு நிற்க, கடைக்காரர் தன் பழைய வானைக் கொண்டுவந்தார். அவர் கலியாண வீடுகளில் வயலின் வாசிக்கிறவராம். வானின் பின்பக்கம் முழுக்க வாத்தியங்கள் அடிபடாமலிருக்கத் தடித்த மெத்தை போட்டிருந்தார். அதில் ஒரு ரபான் மேளம் கிடந்தது.

"ரபானுக்குப் பக்கத்தில படுங்க அண்ணன். ரபானுக்கு நோகாத ரோட்டு உங்களுக்கும் நோகாது."

முதலில் பயிற்சிக்கு, பிறகு அங்கிருந்து கொக்கட்டிச்சோலைக்கு. கடையைப் பூட்டிவிட்டு அவ்வளவு தூரம் வந்து இறக்கிவிட்டுப் போனார். மதகுகளில் வான் கடகடவென்று சத்தம் போட்டது. பின்னால் படுத்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். ரபானின் தோலில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் தம்பி வீடியோ கோல் எடுத்தான். அங்கே காலை. நான் சுற்றி வளைத்து விசயத்துக்கு வந்தேன். உன் டயர் எங்களைக் கடை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டது, அதற்கு ஒரு குறையும் சொல்லமாட்டேன் என்று முதலில் சொன்னேன். பிறகு அத்தானின் நாரியைப் பற்றிச் சொன்னேன்.

"அக்கா, அத்தான் ஏறி இருக்க ஏலாத காருக்கு என்னத்துக்குப் பாதுகாப்பு? மாத்துங்க. ஆனா ஒரு ஸ்பெயார் வீல் வேணும், ஜக் வேணும், காத்தடிக்கிற சின்னப் பம்பி வேணும். நீங்க ஒருக்கா உங்கட கையால வீல் கழட்டிப் பூட்டிப் பழகவேணும். பழகின வீடியோவை எனக்கு அனுப்பவேணும்."

அந்தக் கடைசி நிபந்தனையை அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நானும் விளையாட்டாக எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் தனியாகப் போனேன். நான் போனில் சொன்னபடி கடைக்காரர் நான்கு புது டயர் எடுத்து வைத்திருந்தார். அளவு மட்டும் பொருந்தினால் போதாது, பாரம் தாங்கும் இலக்கமும் பழையதற்குக் குறையக்கூடாது என்று பழைய டயரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஸ்பெயார் வீலுக்கு அவர் பட்ட பாடு பெரிது. காரில் அதற்கென்று குழியே இல்லை. எங்கோ ஒரு பழைய உதிரிப்பாகக் கடையில், அதே துளைகள் பொருந்தும் ஒல்லியான வீல் ஒன்றைக் கண்டுபிடித்து, டிக்கிக்குள் பட்டி போட்டுக் கட்டித் தந்தார். பிறகு கடை முற்றத்தில் என்னை முழங்காலில் இருத்தி, ஒரு வீலைக் கழற்றிப் பூட்ட வைத்தார். முதலில் போல்ட்டுகளை இளக்கவேண்டும், பிறகுதான் ஜக்கைத் தூக்கவேண்டும். நான் மாறிச் செய்தேன். வீல் காற்றில் சுற்றியது. தம்பிக்கு வீடியோ எடுத்தவரே அவர்தான். அதில் அவருடைய சிரிப்புச் சத்தம்தான் கூடக் கேட்கிறது.

காற்று எவ்வளவு அடிப்பது என்பதில்தான் எங்கள் இருவருக்கும் நிச்சயமில்லை. அவர் வழக்கமாக வான்களுக்கு அடிப்பது போல நான்கிலும் முப்பத்தாறு பி.எஸ்.ஐ. அடித்தார். எச்சரிக்கை விளக்குக்கும் புது டயரைப் பழக்கிக் கொடுத்து என்னை அனுப்பினார்.

அடுத்த பயிற்சி நாள். கணவர் முன் ஆசனத்தில் ஏறி, பிடியைப் பிடித்துக்கொண்டார். முதலாவது மதகு வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினேன்.

"என்ன?"

"பொறு. இன்னொண்டு வரட்டும்."

இரண்டாவது மதகையும் தாண்டினோம்.

"குறைஞ்சிருக்கு புள்ள. மெய்தான், குறைஞ்சிருக்கு. ஆனா இன்னும் ஒள்ளுப்பம் தட்டுது."

அந்தக் கொஞ்சத்தையும் போக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. திரும்பும் வழியில் கடையில் நிறுத்திக் காற்றைக் குறைக்கச் சொன்னேன். அவர் யோசித்தார். "குறைச்சா மெதுவாகும். ஆனா நல்லாக் குறைச்சா டயர் சூடாகும். வீடு மட்டும் மெல்லப் போய்ப் பாருங்க, நாளைக்கு எனக்குச் சொல்லுங்க," என்று இருபத்தெட்டுக்கு இறக்கினார்.

ஆரையம்பதி வரைக்கும் பஞ்சில் போவது போலத்தான் போனோம். கணவர் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். எனக்கு வெற்றி வெற்றி என்று மனம் துள்ளியது. மண்முனைப் பக்கம் கிறுகும்போதுதான் தெரிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் ஒரு கணம் கழித்துத் திரும்பியது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எதிரே வந்த பஸ்ஸுக்கு விலக்கியபோது கணவர் ஒரு பக்கமும், விலக்கியதைத் திருத்தியபோது மறுபக்கமும் ஆடினார். குத்து போய்விட்டது, அதன் இடத்துக்கு ஆட்டம் வந்துவிட்டது. அந்த ஆட்டத்துக்கு உடம்பைப் பிடித்துப் பிடித்து, வீட்டுக்கு வரும்போது அவருக்கு நாரியில் இதுவரை நோகாத ஓரிடம் நோகத் தொடங்கியிருந்தது.

மறுநாள் காலையில் வெயில் ஏறுமுன், புதிதாக வாங்கிய சின்னக் கேஜை எடுத்து டயர்களை அளந்தேன். இருபத்தெட்டு இல்லை, இருபத்தாறுதான் இருந்தது. நான்கிலும் அப்படியே. ஒழுக்கு என்றால் நான்கும் ஒரே அளவாகவா ஒழுகும்? சிரிப்பு வந்துவிட்டது. நேற்று அளந்தது மத்தியான வெயிலில், ஓடிச் சூடேறிய டயரில். சூடேறிய வாயு அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் வருடா வருடம் சொல்லிக் கொடுப்பது.

கடைக்காரருக்குப் போன் எடுத்தேன். "ஐயோ டீச்சர், நான் சூட்டோட சூட்டாப் பாத்திட்டன்," என்றார். "நீங்க காலமையில, கார் ஓடாமக் கிடக்கக்குள்ள பாருங்க. அது சரி, கதவு நிலையில ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்குமே, அதில என்ன எழுதியிருக்கு?"

சாரதிக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தேன். தூசியைத் துடைத்தால் இரண்டு வரி இருந்தது. இரண்டு மூன்று பேர் போவதற்கு ஒரு வரி, ஆளும் சாமானும் நிறைந்து போவதற்கு ஒரு வரி. முதல் வரியில் முன்னுக்கு முப்பத்திரண்டு, பின்னுக்கு முப்பத்தைந்து. அவரும் நானும் அந்த வரிக்கு மேலேயும் கீழேயும் போய்த் திரிந்திருக்கிறோம், அதன் மேல் நிற்கவில்லை.

கணவர் முற்றத்தில் கதிரை போட்டு இருந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேஜைப் பார்த்தார். நான் பம்பியைப் பிடித்தேன். "முப்பது... முப்பத்தொண்டு... முப்பத்திரெண்டு, காணும், காணும்!" என்று அவர் கத்துவார், நான் நிறுத்துவேன். கதிரையை அடுத்த சக்கரத்துக்கு இழுப்பேன், அவர் என் தோளைப் பிடித்து எழுந்து வந்து இருப்பார். அந்தக் காலையை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோசமாக இருக்கிறது. வேலை ஒன்றைச் சேர்ந்து செய்து எங்களுக்கு எத்தனையோ நாளாகியிருந்தது.

அந்த அளவில் போன முதல் நாள், மதகுகள் எல்லாம் தாண்டிப் பாலத்துக்கு வந்தபோது அவரைத் திரும்பிப் பார்த்தேன். மிதக்கும் ஆற்றுவாழைச் செடிகளுக்கு நடுவில் தோணியில் நின்று வலை வீசுகிற ஒருவரைப் பார்த்துக்கொண்டு வந்தார். மதகு வந்ததும் போனதும் அவருக்கு நினைவில்லை.

பயிற்சி கொடுக்கும் பிள்ளை அவருடைய முதுகைத் தொட்டவுடனேயே கேட்டாள்: "என்ன அங்கிள், இண்டைக்கு உடம்பு லேசா இருக்கு? என்ன செய்தீங்க?"

"டயர் மாத்தினம்," என்றார் அவர். பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நான் பயந்த நாளும் வந்தது. மார்கழி மழை. பயிற்சி முடிந்து திரும்பும்போது, பாலம் கடந்து சற்றுத் தூரத்தில் தடக்கென்று ஒரு சத்தம். விளக்கும் எரிந்தது. இறங்கிப் பார்த்தால் முன் டயர் ஒன்று நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது. இரண்டு பக்கமும் வட்டை. இளநெல் தண்ணீருக்குள் நிற்கிறது. ஆள் இல்லை. பழைய டயராக இருந்தால் இந்நேரம் வீட்டை நோக்கி ஓடிக்கொண்டிருப்போம் என்று ஒரு நினைப்பு வந்தது, அது பொய்யில்லை.

"இஞ்சாருங்க, நீங்க இறங்காதீங்க. நான் செய்யிறன்," என்று சொல்லிவிட்டு, டிக்கியைத் திறந்து வீலையும் ஜக்கையும் எடுத்தேன். சக்கரத்தருகே முழங்காலில் இருந்தேன். மழை கழுத்துக்குள் வழிந்தது. முதல் போல்ட்டு இளகியது. இரண்டாவதும் இளகியது. திடீரென்று முதுகில் மழை விழுவது நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். கணவர் குடையை எனக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்கிறார். கதவைத் திறந்து, தானாக இறங்கி, காரைச் சுற்றி நடந்து வந்திருக்கிறார்.

"முதல்ல எல்லாத்தையும் இளக்கு. மறுகாதான் ஜக்," என்றார்.

"தெரியும். நீங்க போய் இரிங்க."

"நான் நிக்கிறன். நீ வேலையைப் பார்."

கடைசிப் போல்ட்டு என் பலத்துக்கு அசையவில்லை. நான் ஸ்பனாவில் ஏறி நிற்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்க, பாலத்துப் பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஆற்றில் மீன் பிடிக்கிற ஒருவர், பின்னால் மீன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி. அவர் இறங்கி வந்தார். ஸ்பனாவில் காலை வைத்து ஒரு மிதி மிதித்தார், போல்ட்டு கீச்சென்று சுழன்றது. ஒல்லி வீலைப் பூட்டி இறுக்கும் வரைக்கும் நின்றார். அவர் மனைவி என் கணவரைப் பார்த்து, "அண்ணன், குடையைத் தாங்க, நான் பிடிக்கிறன். நீங்க காருக்குள்ள இரிங்க," என்றாள்.

"வேணாம் தங்கச்சி. நான் இதையாவது செய்யிறன்," என்றார் அவர்.

அவர்கள் போன பிறகு, நான் காற்றுப் போன டயரை டிக்கிக்குள் உருட்டி ஏற்றும்போதுதான் அது எனக்கு உறைத்தது. இவ்வளவு நேரமும் இவர் எதையும் பிடிக்காமல் நின்றிருக்கிறார். என் தோளையும் பிடிக்கவில்லை, காரையும் பிடிக்கவில்லை. இரண்டு கையும் குடையில் இருந்தன. நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குப் பயம் வந்துவிடுமோ என்று பயந்தேன். மழை முகத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

தம்பிக்கும், அந்தக் கடைக்காரருக்கும், பெயரே கேட்காமல் அனுப்பிவிட்ட அந்த மீன்காரத் தம்பதிக்கும் நான் எப்படி நன்றி சொல்வது என்று பிறகு பலமுறை யோசித்தேன். தம்பிக்குச் சொன்னேன், திரையில் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கடைக்காரருக்கு முதல் அறுவடை அரிசியில் ஒரு மூட்டை கொண்டுபோய் இறக்கினோம். அவர் அதை வாங்கிக்கொண்டு, முதலில் எங்கள் டயர்களைத்தான் குனிந்து பார்த்தார்.

பயிற்சிகள் முடிந்த பிறகு, பெரியகல்லாற்றிலிருக்கும் கணவரின் அக்காவைப் பார்க்கப் போனோம். விழுந்ததற்குப் பிறகு அவர் போகும் முதல் தூரப் பயணம். டிக்கி நிறையப் புதுநெல் அரிசி என்பதால் அன்று காலையில் இரண்டாவது வரியைப் பார்த்துக் காற்று அடித்தோம். அவரே குனிந்து ஒரு சக்கரத்துக்குக் கேஜைப் பிடித்தார். களுவாஞ்சிகுடி தாண்டும்போது நித்திரையாகிவிட்டார். நான் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஓட்டினேன்.

மச்சாள் வாசலுக்கு ஓடி வந்தாள். தன் தம்பியைத் தாங்கி இறக்கக் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்தார், ஆனால் பிடித்துக் குலுக்கிவிட்டு விட்டுவிட்டார். முற்றத்தைக் கடந்து, வீட்டைச் சுற்றி, பின்வளவால் ஆற்றங்கரைக்கு மெல்ல நடந்து போனார். மச்சாளும் நானும் பின்கதவில் நின்று அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கரையில் இருந்தவர்களோடு கதைத்துவிட்டு அவர் திரும்பி வரும்வரைக்கும் ஒருவரும் உள்ளே போகவில்லை. அடுப்பில் சோறு அடிப்பிடித்துப் புகை வந்த பிறகுதான் மச்சாளுக்கு நினைவு வந்தது. மேல்சோற்றை அள்ளிப் போட்டு, இறால் ஆணத்தோடு மூன்று பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம்.